சாஃப்ட்பால் ஸ்விங்கில் கை செய்யும் தவறுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்திலும் ஏற்காட்டு மலையிலும் பள்ளி, கல்லூரி அணிகளுக்கு ஆடும் பிள்ளைகளுக்கும், அவர்களுக்குப் பந்து போட்டுக் கொடுக்கும் பெற்றோருக்கும், ஒரே ஆளாகப் பத்து விளையாட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் பி.டி. ஆசிரியர்களுக்கும் இந்தப் பக்கம். வலக்கை ஆட்டக்காரரை வைத்தே எழுதியிருக்கிறோம். இடக்கை ஆட்டக்காரர்கள் இடம் வலம் மாற்றிப் படித்துக்கொள்ளவும்.

முன் கை, பின் கை என்கிறீர்களே, மேல் கை, கீழ் கை என்றால் என்ன?

இந்த இடத்தில்தான் முதல் குழப்பமே வருகிறது. கிரிக்கெட்டில் பேட் தரையைப் பார்த்து நிற்கிறது. வலக்கை ஆட்டக்காரருக்கு இடக்கை மேலே இருக்கும், அதுதான் ‘டாப் ஹேண்ட்’. சாஃப்ட்பாலில் பேட் வானத்தைப் பார்க்கிறது. அதே இடக்கை, கைப்பிடியின் முனையில் இருக்கும் குமிழுக்குப் பக்கத்தில், அடியில் வந்துவிடும். ‘டாப் ஹேண்டை இறுக்கிப் பிடி’ என்று ஆசிரியர் சொன்னால், காலையில் கிரிக்கெட், மாலையில் சாஃப்ட்பால் ஆடுகிற பிள்ளை எந்தக் கையை இறுக்கும்? அதனால் இங்கே பந்து எறியும் பிட்சருக்கு அருகில் இருக்கும் இடக்கையை முன் கை என்றும், பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சர் பக்கம் இருக்கும் வலக்கையைப் பின் கை என்றும் சொல்கிறோம்.

கிரிக்கெட் ஆடுவதால் சாஃப்ட்பால் ஸ்விங் கெடுமா?

கெடாது. ஆனால் கிரிக்கெட்டில் சரியென்று பழகிய மூன்று விஷயங்கள் இங்கே தவறாகிவிடும். டென்னிஸ் பந்தில் தொடங்கி இந்திய அணி வரை போன நடராஜனின் சின்னப்பம்பட்டி இருக்கிற மாவட்டம் இது. இங்கே எந்தப் பிள்ளையும் முதலில் தூக்கியது கிரிக்கெட் பேட்டாகத்தான் இருக்கும். எனவே இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

ஒன்று, முழங்கை உயரம். நேர் பேட்டில் டிரைவ் ஆட முன் முழங்கை உயர்ந்து பந்து வருகிற திசையைப் பார்க்க வேண்டும். சாஃப்ட்பாலில் அடிக்கிற நொடியில் அதே முழங்கை மேலே எழும்பினால் பேட்டின் பருத்த முனையான தலை பந்தை விட்டு விலகிவிடும்.

இரண்டு, பேட்டைத் தரையில் தட்டிவிட்டுத் தூக்குவது. பந்து கிளம்பும்போது பேட்டைத் தூக்கி நேரம் பிடிப்பது கிரிக்கெட் பழக்கம். இங்கே பேட் ஏற்கெனவே தோளருகே தயாராக இருக்கிறது. பழக்க தோஷத்தில் பிள்ளை கையை இடுப்புவரை இறக்கி மறுபடி ஏற்றும்.

மூன்று, மணிக்கட்டு. புல் ஷாட்டில் பந்து எழும்பிக் கேட்ச் ஆகாமலிருக்க மணிக்கட்டை உருட்டச் சொல்வார்கள். சாஃப்ட்பாலில் அப்படி உருட்டினால் பந்து தரையில் உருண்டு, இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் கையில் போய் விழும். அடித்தவர் ஓடிச் சேர வேண்டிய முதல் பேஸ் 60 அடி தூரம். நீங்கள் அங்கே போய்ச் சேருமுன் அவர் எடுத்து எறிந்துவிடுவார்.

எந்தத் தவறு என்று கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் பந்து போன இடத்தைப் பாருங்கள். வலுவில்லாமல் மூன்றாம் பேஸ் பக்கம் உருண்டுகொண்டே இருந்தால், மணிக்கட்டு சீக்கிரம் உருள்கிறது அல்லது கை அகலமாகச் சுற்றி வருகிறது. உடம்புக்கு அருகே வரும் பந்தெல்லாம் கைப்பிடியில் பட்டு விரல் சுண்டினால் கை நீண்டுவிட்டது என்று பொருள். முதல் பேஸ் பக்கம் சும்மா மேலே எழும்பிக் கேட்ச் ஆனாலோ, நெஞ்சு உயரப் பந்து தொடர்ந்து தவறினாலோ, பேட் கைக்குப் பின்னால் இழுபடுகிறது.

அடுத்து போன். சாதாரண வீடியோவில் வினாடிக்கு 30 படம். ஸ்விங் முடிய வினாடியில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆகும் என்பதால் ஆறு படம் கிடைத்தால் அதிகம், அதில் ஒன்றும் தெரியாது. ஸ்லோமோஷனில் 240 வைத்து எடுத்தால் ஐம்பது படம் வரை கிடைக்கும். நெஞ்சுக்கு நேரே ஐந்து மீட்டர் தள்ளி ஒரு முறையும், கேட்சருக்குப் பின்னால் நெட்டுக்கு வெளியே நின்று ஒரு முறையும் எடுங்கள். மூன்று படத்தில் நிறுத்திப் பார்த்தால் போதும்: முன் பாதம் ஊன்றும் படம், பேட் தரைக்கு இணையாக வரும் படம், பந்தில் படும் படம்.

முன் கை விறைத்துப்போவதை ஏன் இவ்வளவு பெரிய தவறாகச் சொல்கிறார்கள்?

‘ஆர்ம் பார்’ என்பது இதுதான். பாதம் ஊன்றும்போதே முன் முழங்கை பூட்டிக்கொண்டு கை குச்சிபோல நீண்டிருக்கும். பலம் சேர்க்கிறோம் என்று நினைத்து இரண்டு கையையும் பின்னால் தள்ளுவதால் வருவது. கையும் பேட்டும் சேர்ந்து ஒரே நீளக் கம்பாகிவிடுவதால், பெரிய கதவைக் கீலில் திருப்புவது மாதிரி மெதுவாகத்தான் திரும்பும். பெண்கள் ஆட்டத்தில் பிட்சர் நிற்பது 43 அடியில். அவர் முன்னால் அடியெடுத்து வைத்து விடுவிப்பதால் 80 கி.மீ. வேகப் பந்து உங்களிடம் வர அரை வினாடிதான் ஆகும். கதவு திரும்பும்வரை அது காத்திருக்காது.

ஆனால் ஒன்று. முன் கை நேராக இருப்பதே குற்றம் என்று நினைக்க வேண்டாம். உயர்மட்ட ஆட்டக்காரர்கள் பலருக்கு ஸ்விங் தொடங்கும்போது முன் கை ஏறக்குறைய நேராகத்தான் இருக்கும். பூட்டிக்கொள்வதும் உடம்பைவிட்டு விலகிப்போவதும்தான் தவறு. முழங்கையில் யாராவது லேசாகத் தட்டினால் மடங்க வேண்டும், அவ்வளவு தளர்வு போதும்.

திருத்தம்: தயார் நிலையில் இரண்டு கையும் பின் தோளிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். கையைத் தள்ளிப் பின்னால் கொண்டுபோகாமல், முன் தோளைச் சற்று உள்ளே திருப்புங்கள், கை தானாகப் பின்னால் போகும். சிறு துண்டைச் சுருட்டி முன் முழங்கையின் உள்மடிப்பில் வைத்து டீயில் (பந்தை உச்சியில் வைத்து அடிக்கும் தாங்கி) பத்துப் பந்து அடியுங்கள். பாதம் ஊன்றும் முன்பே துண்டு விழுந்தால் தவறு அப்படியே இருக்கிறது. பந்தில் படும் நேரத்தில் முன்பக்கமாக விழுந்தால் சரி.

‘காஸ்டிங்’ என்பதும் இதுவும் ஒன்றா?

உறவுக்காரத் தவறு, ஒன்றல்ல. மேட்டூர் அணையில் வலை வீசுகிறவர் கையைப் பார்த்திருப்பீர்கள். உடம்பிலிருந்து வெளியே விரிந்து பெரிய வட்டமாகப் போகும். ஸ்விங்கின் தொடக்கத்திலேயே கை அப்படி விரிவதுதான் காஸ்டிங். முழங்கை மடங்கியே இருந்தாலும் இது நடக்கும்.

சுழலும் பொருளின் எடை மையத்திலிருந்து இரண்டு மடங்கு தள்ளிப்போனால், அதைச் சுழற்றுவதற்கான தடை நான்கு மடங்காகும். கையைச் சேர்த்துக்கொண்டு தட்டாமாலை சுற்றினால் வேகம் எடுப்பதும் விரித்தால் குறைவதும் இதனால்தான். அதனால் வரிசை இப்படி இருக்க வேண்டும்: இடுப்பு திரும்பத் தொடங்கும், கை நெஞ்சை ஒட்டி வரும், பேட்டின் குமிழ் பந்தைப் பார்த்துப் போகும், கடைசியில்தான் தலை சுழன்று வெளியே வரும்.

வேலிப் பயிற்சி இதற்கு இன்றும் நல்ல மருந்து. குமிழைத் தொப்புளில் வைத்துக்கொண்டு பேட்டின் நுனி எதிரே தொடுகிற தூரத்தில் நில்லுங்கள். வேலியிலோ சுவரிலோ செய்தால் பேட் போய்விடும், கொடியில் தொங்கும் பழைய போர்வையே போதும். மெதுவாகப் பத்து, பாதி வேகத்தில் பத்து, முழு வேகத்தில் ஐந்து. போர்வையில் பேட் உரசக் கூடாது.

இந்தப் பயிற்சி செய்த பிள்ளைகளில் சிலருக்கு அடுத்த வாரம் எதிர்த் தவறு வந்து நிற்கும். போர்வைக்குப் பயந்து முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டே கடைசிவரை அடிப்பார்கள். பந்தில் பட்ட பிறகு கை நீள வேண்டும். உடம்பு திரும்பும்வரை கிட்டே, பந்தில் பட்டதும் தூரமாக. முதல் பாதியை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. அதற்கு இரண்டு டீயை ஒன்றன் முன் ஒன்றாக ஒரே உயரத்தில் நிறுத்தி இரண்டு பந்து வையுங்கள். பின்பந்தை அடித்தால் அது முன்பந்தையும் தள்ளிக்கொண்டு நேராகப் போக வேண்டும். முன்பந்து அசையாமல் இருந்தாலோ பக்கவாட்டில் தெறித்தாலோ கை நீளாமல் சுருங்கிவிட்டது.

‘எல்போவைத் தூக்கு’ என்று ஓரத்திலிருந்து கத்துகிறார்களே, தூக்கணுமா?

பின் முழங்கையைத்தான் சொல்கிறார்கள். கத்துபவர்களுக்கு நல்ல எண்ணம்தான், ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இது பெரும்பாலும் தீங்கு. தோள் உயரத்துக்குத் தூக்கிய முழங்கை ஸ்விங் தொடங்கியதும் கீழே வந்தே தீர வேண்டும். வேகமாக விழுகிற முழங்கை கைகளை முந்திக்கொண்டு தொப்புளுக்கு முன்னால் போய்விடும், கை இன்னும் அக்குளருகிலேயே இருக்கும். பேட்டின் தலை தொங்கிப் பின்னால் இழுபடும். இதுதான் ‘பேட் டிராக்’. முழங்கை தோளுக்கும் விலாவுக்கும் நடுவில், பாதிச் சரிவில் தளர்வாகத் தொங்கட்டும்.

பேட் இழுபடுவதை வேறு எப்படித் திருத்துவது?

முதல் சந்தேகம் பேட்டின் மேல் வரட்டும். பள்ளிக்கூடக் கிட் பையில் 33, 34 அங்குலப் பேட்டுகளே இருக்கும், 34 விதிப்படி உச்ச நீளம். நாலரை அடிப் பிள்ளைக்கு அது உலக்கை. சோதனை: முன் கையால் மட்டும் குமிழருகே பிடித்து, பேட்டைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்கு நீட்டி இருபது வினாடி வைத்திருக்கச் சொல்லுங்கள். அதற்குள் நுனி தொங்கினால் அந்தப் பேட் அதிகம். வேறு பேட் இல்லையென்றால் குமிழிலிருந்து இரண்டு அங்குலம் மேலே ஏற்றிப் பிடிக்கட்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிறகு டீயை அக்குள் உயரத்துக்கு ஏற்றி நாளுக்கு இருபது பந்து. நல்ல பந்தாகக் கணக்கிடப்படும் ஸ்டிரைக் பகுதியின் மேல் எல்லையே அதுதான். அந்த உயரத்தில் தலை தொங்கினால் பந்துக்குப் பதில் டீயின் கழுத்தில்தான் அடி விழும். யாரும் திருத்தத் தேவையில்லை, டீயே சொல்லிக்கொடுக்கும்.

மணிக்கட்டு சீக்கிரம் உருளுவதற்கு என்ன பயிற்சி?

நிற்கிற மரத்தைக் கோடாரியால் பக்கவாட்டில் வெட்டுவதாக நினைத்து, வெட்டு விழும் நொடியில் நிறுத்துங்கள். பின் கையின் உள்ளங்கை வானத்தையும், முன் கையின் உள்ளங்கை தரையையும் பார்க்கும். பந்தில் படும்போதும் அதே நிலை. உருளுவது அதற்குப் பிறகு தானாக நடக்கும், நடக்கவும் வேண்டும்.

இந்த உணர்வு வர ஏற்காடு ஏரிக்கரையில் ஓட்டாஞ்சில்லு எறிந்தாலே போதும். தண்ணீரில் சில்லு தத்தித் தத்திப் போக வேண்டுமென்றால், பின் கை விலாவை ஒட்டி வந்து உள்ளங்கை மேல்பார்த்த நிலையில்தான் விட வேண்டியிருக்கும். ஆனால் பேட் இழுபடும் பிள்ளைகளுக்கு இதைத் தராதீர்கள். சில்லு எறியும்போது முழங்கைதான் முதலில் போகும், அவர்களுடைய தவறே அதுதான்.

பேட்டை உள்ளங்கைக் குழியில் புதைத்துப் பிடித்தாலும் மணிக்கட்டு முந்திக்கொண்டு உருளும். விரல்களின் அடியில் பிடிக்க வேண்டும். கதவைத் தட்டும் விரல் மொளிகள் இரண்டு கையிலும் ஏறக்குறைய ஒரே வரிசையில் வந்தால் பிடி சரி.

முன் முழங்கை கோழிச் சிறகு மாதிரி மேலே போகிறது. கிரிக்கெட் பழக்கம் மட்டும்தான் காரணமா?

இல்லை. பாதி நேரம் நிற்கும் இடமே காரணம். தரையில் பதித்த ஹோம் பிளேட்டை ஒட்டி நிற்கிற பிள்ளைக்கு, உடம்புக்கு அருகே வரும் உள்பந்தை அடிக்க இடமில்லை, முழங்கையை விலக்கித்தான் இடம் உண்டாக்கும். பிளேட்டின் அகலம் 17 அங்குலம். சற்றுக் குனிந்து பேட்டை நீட்டினால் அதன் தூர விளிம்பை நுனி தொட வேண்டும். அதைத் தாண்டிப் போனால் அரையடி பின்னால் நகருங்கள். நகர்ந்ததும் சிறகு அடங்கிவிட்டால் கைக்கு வைத்தியமே தேவையில்லை.

அடங்கவில்லையென்றால் ஒற்றைக்கைப் பயிற்சி. ஒன்றரை அடி நீளக் கட்டை அல்லது பாதியில் பிடித்த லேசான பேட்டை முன் கையில் மட்டும் பிடித்து, டீயில் பத்துப் பத்தாக இரண்டு சுற்று. பந்து போன திசையிலேயே முழங்கை நீண்டு, முடிந்த பிறகு மடங்கட்டும். தோள் வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்.

கையை இறக்கி ஏற்றும் பழக்கம்?

‘ஹிட்ச்’. இறங்குவது இரண்டு மூன்று அங்குலமாக இருந்து, பாதம் ஊன்றுவதற்குள் திரும்ப ஏறிவிட்டால் விட்டுவிடலாம், பலருக்கு அது தாளம். பாதம் ஊன்றியபின்னும் கை கீழே இருந்தால்தான் சிக்கல். தொடக்கத்திலேயே பேட்டைப் பின் தோளில் சாய்த்து வைத்து, அங்கிருந்தே அடிக்கப் பழக்குங்கள். இறக்க வழியிருக்காது.

பேட்டின் நுனி தலைக்குப் பின்னால் பிட்சரைப் பார்க்கச் சுற்றிக்கொள்கிறது. தவறா?

ஆம். பந்துக்கு வரவேண்டிய வழி அவ்வளவு கூடுகிறது. நுனி காதுக்குப் பின்னால் வானத்தைப் பார்க்கட்டும்.

அடித்த பிறகு பின் கையை விட்டுவிடலாமா?

இரண்டு கையும் நீண்ட பிறகு விட்டால் தவறில்லை. பந்தில் படும்போதே விட்டால் பேட் தளரும். வீடியோவில் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

வீட்டில் டீ செய்ய முடியுமா?

தாராளமாக. 20 லிட்டர் பெயின்ட் வாளியில் ஒன்றரை அங்குல பி.வி.சி. குழாயை நிறுத்திக் காங்கிரீட் ஊற்றுங்கள். அதற்குள் ஏறி இறங்கும்படி சற்றுச் சிறிய குழாய், உயரத்தை நிறுத்தத் துளையிட்டு ஒரு போல்ட். உச்சியில் ஒரு சாண் ரப்பர் குழாய், பேட் பட்டாலும் வளைந்து நிமிரும். லாரி ரேடியேட்டர் ஹோஸ் இதற்குப் பொருத்தம். சங்ககிரிப் பக்கம் லாரிப் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை, பழையது கேட்டால் கிடைக்கும். பந்து முழங்கால் உயரத்திலிருந்து அக்குள் வரை ஏறி இறங்க வேண்டும். பந்தின் சுற்றளவு 12 அங்குலம், கிரிக்கெட் பந்தைவிடப் பெரிது, அதனால் குழாய் வாய் சற்று அகலமாக இருந்தாலும் உட்கார்ந்துகொள்ளும். இடம் இல்லாத வீட்டில் பழைய சாக்ஸ் சுருட்டிய பந்து போதும்.

சேலம் வெயிலும் ஏற்காட்டுக் குளிரும் கையைப் பாதிக்குமா?

பாதிக்கும். ஏப்ரல், மே மாதங்களில் சேலத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது கை வியர்த்துப் பேட் வழுக்கும். வழுக்குகிறதே என்று இறுக்கிப் பிடிப்பார்கள். முழங்கைக்குக் கீழுள்ள தசை விறைக்கும், விறைத்த கை காஸ்டிங் செய்யும். காலை எட்டு மணிக்கு முன் பயிற்சியை முடித்து, பருத்தித் துணி ஒன்றை இடுப்பில் சொருகிக்கொள்ளுங்கள். பிடியில் டேப் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். மார்கழி, தைக் காலைகளில் காம்போசிட் பேட்டை (நாரிழையும் பிசினும் சேர்த்துச் செய்தது) எடுக்காதீர்கள். 16 டிகிரிக்குக் கீழே அது விரிசல் விடும் அபாயம் கூடுகிறது, அலுமினியமே நல்லது. பனியில் நனைந்த தோல் பந்து கனமாகும், கை சுண்டும். அதற்குப் பயந்து பிள்ளைகள் அடிக்கும் நொடியில் கையைச் சுருக்கிக்கொள்வார்கள். அதைச் சிறகுத் தவறு என்று நினைத்து வைத்தியம் பார்க்க வேண்டாம், காய்ந்த பந்தைக் கொடுங்கள். தோளையும் மணிக்கட்டையும் பத்து நிமிடம் சூடேற்றிவிட்டே பேட்டைத் தொடட்டும்.

எத்தனை நாளில் சரியாகும்? ஒரே நேரத்தில் இரண்டு தவறைத் திருத்தலாமா?

ஒரு நேரத்தில் ஒன்றுதான். முன்னால் நடப்பதை முதலில் திருத்துங்கள்: நிற்கும் இடம், பிடி, கையின் தொடக்க நிலை, பிறகு பாதை, கடைசியில் மணிக்கட்டு. முதல் இரண்டைச் சரிசெய்யும்போதே பின்னால் இருப்பதில் பாதி காணாமல் போகும். நாளுக்கு ஐம்பது ஸ்விங், வாரம் ஐந்து நாள். அதில் பதினைந்து பந்தில்லாமல் மெதுவாக, பதினைந்து ஒற்றைக்கை அல்லது வேலிப் பயிற்சி, இருபது டீயில். முதல் வாரம் அடி மோசமாகத்தான் தெரியும், பழைய பழக்கத்தை உடம்பு லேசில் விடாது. மேட்சுக்கு இரண்டு நாள் முன்னால் திருத்துவதை நிறுத்திவிடுங்கள். பேட்டிங் பாக்ஸில் நிற்கும் பிள்ளை பந்தைப் பார்க்க வேண்டும், கையை அல்ல.

ஸ்லாப் அடிக்கிறவர்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தாது. இடப்பக்கம் நின்று ஓடிக்கொண்டே பந்தைத் தட்டிவிடுகிறவர்கள் கையை வேண்டுமென்றே முன்னால் விட்டு, பேட்டின் தலையைத் தாமதமாகக் கொண்டுவருவார்கள். அவர்கள் வீடியோவை வைத்துப் பேட் இழுபடுகிறது என்று சொல்லிவிடாதீர்கள்.

அடித்தபின் உள்ளங்கை வலிக்கிறது. பயிற்சியைத் தொடரலாமா?

எங்கே வலி என்பதைப் பொறுத்தது. விரல் சுண்டி இரண்டு நிமிடத்தில் அடங்கினால், பந்து பேட்டின் தவறான இடத்தில் பட்டிருக்கிறது. முன் கையின் உள்ளங்கை அடிப்பகுதியில், சுண்டுவிரல் பக்கமாக வலி நின்று, அழுத்தினால் கூடி, பிடி தளர்ந்தால் பேட்டைக் கீழே வைத்துவிடுங்கள். குமிழ் அழுந்துகிற அந்த இடத்தில் கொக்கிபோல ஒரு சிறு எலும்பு இருக்கிறது, அது உடையக்கூடும். சாதாரண எக்ஸ்ரேயில் தப்பிவிடுவதும் உண்டு. எலும்பு மருத்துவரிடம் போகும்போது பேட் பிடிக்கிற கை என்பதைச் சொல்லி, குமிழ் படும் இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள்.